கடல்கன்னி வால் நிஜமாகத் தெரியவில்லையா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் முறை

தை பிறந்தால் திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்கள் வரிசையாக வந்துவிடும். அங்கிருந்து பங்குனி வரைக்கும் எங்கள் தையல் கடைக்கு கடல்கன்னி வேஷத்துக்கான வால்கள் வந்துகொண்டே இருக்கும். புதிதாகத் தைக்கச் சொல்லி வருவது குறைவு. வேறெங்கோ தைத்ததையோ ஆன்லைனில் வாங்கியதையோ எடுத்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது, ஆனா மீனுன்னே தெரியமாட்டேங்குது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். போட்டோ எடுப்பதற்காக வாங்கியவர்கள், பொருட்காட்சியில் வேஷம் கட்டுகிறவர்கள், எல்லோருக்கும் இதே புகார்தான். ஆனால் கோளாறு ஒன்றல்ல. எது எந்தக் கோளாறு, அதற்குச் செலவில்லாமல் என்ன செய்யலாம், எங்கே ஆளைக் கூப்பிட வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வாலில் தெரிகிற கோளாறின் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை.

முதலில் நிழலைப் பாருங்கள்

வாலைப் போட்டுக்கொண்டவரை வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து அடியுங்கள். வாலைப் பார்க்க வேண்டாம், சுவரில் விழும் நிழலை மட்டும் பாருங்கள்.

நிழல் மீனாகத் தெரிந்தால் உருவம் சரி. கோளாறு மேற்பரப்பில் இருக்கிறது. செதில், நிறம், இடுப்பு ஆகிய தலைப்புகளுக்குப் போங்கள்.

நிழலில் முழங்காலோ குதிகாலோ தெரிந்தால் கோளாறு உருவத்தில். அதைச் சரி செய்யாமல் மேலே எதையும் தொடாதீர்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் சமிக்கியைக் கூட்டித் தரச் சொல்வார்கள். உருவம் தப்பாக இருக்கிற வாலில் மினுக்கத்தைக் கூட்டினால் அந்தத் தப்புதான் இன்னும் எடுப்பாகத் தெரியும். முட்டியின் மேல் விழுகிற வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். உருவம், அசைவு, அப்புறம்தான் மினுக்கம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கோளாறு: வாலுக்குள் இரண்டு கால் தெரிகிறது

அதிகம் வருகிற கோளாறு இதுதான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

*முழங்கால் துருத்திக்கொண்டு நின்றால்*

முதலில் உட்காரும் முறையைப் பாருங்கள். முட்டியை மேலே தூக்கி மடக்கினால் எந்த வாலும் அதை மறைக்காது. இடுப்பை ஒரு பக்கமாகப் போட்டு, இரண்டு முட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் சாய, கால்விரலை நீட்டி உட்கார வேண்டும். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும், ஒரு பைசா செலவில்லை.

அதிலும் போகவில்லை என்றால் துணியைப் பாருங்கள். இழுத்தால் நீளுகிற லைக்ரா துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, அடியிலிருந்து ஒருவர் விரலை வைத்து அழுத்தட்டும். நகத்தின் வடிவம் மேலே தெரிந்தால், முட்டியும் தெரியத்தான் செய்யும். வாலுக்கு 220 முதல் 240 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணியாவது வேண்டும். ஏற்கெனவே தைத்த வால் மெல்லியதாக இருந்தால் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை, உள்ளே இன்னொரு லைக்ராவை லைனிங்காகக் கொடுத்தால் போதும். திருப்பூர்க்காரர்களுக்கு இது பெரிய செலவில்லை. காதர்பேட்டைப் பக்கம் கட்பீஸாக எடை போட்டே வாங்கிக்கொள்ளலாம். உள்ளே போகிறதுதானே, நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

அப்புறமும் தெரிந்தால் உள்ளே நிரப்ப வேண்டும். பழைய லெக்கிங்ஸ் ஒன்றை எடுத்து, இரண்டு காலின் உட்பக்கத்தையும் தொடையிலிருந்து கணுக்கால் வரை சேர்த்துத் தைத்துவிடுங்கள். அதன்மேல் அரை அங்குல ஸ்பாஞ்ச் ஷீட்டை வெட்டி ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முட்டியின் மேல் எதுவும் வைக்கக் கூடாது. முட்டிக்கு மேலும் கீழும், கெண்டைக்காலின் இரு பக்கமும், கணுக்காலுக்கு மேலேயும் இருக்கிற பள்ளங்களை மட்டும் நிரப்ப வேண்டும். முட்டி மேடு என்றால் அதைச் சுற்றியிருக்கிற பள்ளத்தை மேடாக்கினால் முட்டி மறைந்துபோகும். ஸ்பாஞ்சின் ஓரத்தைக் கத்தரியால் சரிவாகச் சீவி விடுங்கள். நேராக வெட்டி ஒட்டினால் அந்த விளிம்பு படிக்கட்டாக மேலே தெரியும்.

முடித்ததும் வாலைப் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வழித்துக்கொண்டு போங்கள். கை எங்கேயும் ஏறி இறங்கக் கூடாது. கண் தவறவிடுவதைக் கை பிடித்துவிடும்.

*முன்பக்கம் நடுவில் நீளப் பள்ளம் விழுந்தால்*

இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவே துணி உள்வாங்குகிறது. நீளமான முக்கோண ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்த லெக்கிங்ஸின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் வைத்தால் போய்விடும்.

*குதிகால் பின்னால் குத்திக்கொண்டு நின்றால்*

பாதத்தை நீட்டாமல் விட்டதால் வருவது. சின்னக் குழந்தைகளுக்கு நீட்டிக்கொண்டே இருக்க வராது, பத்து நிமிட நாடகத்தில் கால் தானாக மடங்கிவிடும். குதிகாலுக்கு மேலே நரம்பு ஓடுகிற பள்ளத்தை ஸ்பாஞ்ச் ஆப்பு வைத்து நிரப்புங்கள். அப்போதும் தெரிந்தால் கணுக்காலின் இரு பக்கமும் சின்னத் துடுப்பு ஒன்றைத் தைத்து மறைத்துவிடலாம். மீனுக்கு வாலுக்குப் பக்கத்தில் சிறு துடுப்பு இருப்பது இயல்புதான், பார்க்கிறவர்களுக்கு உறுத்தாது.

*தொடையிலும் கணுக்காலிலும் தொளதொளவென்று இருந்தால்*

அளவு எடுத்த முறையில் கோளாறு. வாலுக்கு அளவு எடுக்கும்போது ஆள் நிற்கக் கூடாது. படுத்துக்கொண்டு, கால்விரலை நீட்டி, இடுப்பிலிருந்து விரல் நுனி வரை எடுக்க வேண்டும். சுற்றளவை உடம்பின் அளவைவிட 10 முதல் 15 சதவீதம் குறைத்து வெட்ட வேண்டும், அப்போதுதான் துணி இழுத்துப் பிடிக்கும். தைத்து முடித்த வாலாக இருந்தால், போட்டுக்கொண்ட நிலையிலேயே பக்கத் தையல் ஓரமாக ஊசி குத்தி அடையாளம் வைத்து, உள்ளே பிடித்துத் தைக்கலாம். ஓவர்லாக் மிஷினில் தையுங்கள். சாதாரண நேர்த்தையல் போட்டால் உட்காரும்போதே நூல் பட்டென்று அறுந்துவிடும். ஊசியும் பின்னலாடைக்கு உரிய உருண்டை முனை ஊசியாக இருக்க வேண்டும். கூர் ஊசி லைக்ரா இழையை வெட்டி வரிசையாக ஓட்டை விடும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பெரியவர்களுக்கான வாலில் பிடித்துத் தைக்க வேண்டியது இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு அங்குலத்தைத் தாண்டினால், அதை இனிமேல் திருத்தி எடுக்க முடியாது. செதில் அச்சு பக்கத் தையலில் பொருந்தாமல் போய்விடும். கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் புதிதாகப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடச் சொல்லுங்கள். பேன்ட் வெட்டுகிறவரைவிட நீச்சல் உடையோ விளையாட்டு உடையோ வெட்டிப் பழகிய மாஸ்டருக்கு இது சுலபமாக வரும்.

கோளாறு: வால்துடுப்பு தொங்குகிறது, அல்லது பலகையாக விறைத்து நிற்கிறது

இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன. மீன் துடுப்பு அடியில் தடித்து, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும். நாம் செய்கிற துடுப்பில் அடியிலிருந்து ஓரம் வரை ஒரே தடிமன்.

*தொங்கினால்*

உள்ளே எதுவுமே இல்லை, அல்லது பஞ்சு மட்டும் இருக்கிறது. பஞ்சை எடுத்துவிடுங்கள், அது துடுப்பைத் தலையணை ஆக்கிவிடும். 6 மில்லிமீட்டர் யோகா பாயை வாலின் வடிவத்தில் வெட்டி, ஓரத்துக்கு நான்கு விரல் முன்பாகவே நிறுத்திவிடுங்கள். அதன்மேல் அடியிலிருந்து விசிறியாகப் பிரிகிற கோடுகளில் பெரிய கேபிள் டைகளை ஒட்டுங்கள். அதுதான் துடுப்பு முள். முள்ளும் ஓரம் வரை போகக் கூடாது. கடைசி நான்கு விரல் வெறும் துணியாக அலைய வேண்டும். அந்த அலைவு இல்லாமல் எந்தத் துடுப்பும் உயிரோடு இருப்பதாகத் தெரியாது.

*விறைத்து நின்றால்*

உள்ளே சன் போர்டோ (விளம்பரப் பலகைக்குப் போடுகிற பிளாஸ்டிக் நுரை அட்டை) தடித்த அட்டையோ வைத்திருப்பார்கள். அதையே வெளியே எடுத்து, ஓரத்தில் ஒரு சாண் குறைத்து வெட்டித் திரும்ப வையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். தண்ணீர்த் தொட்டிக்குள் வேஷம் என்றால் அட்டையே கூடாது, ஊறிவிடும்.

*ஓரம் வெட்டிய துணி ஓரமாகவே தெரிந்தால்*

இதற்கு ஆர்கன்சா துணியும் ஊதுபத்தியும் போதும். பாலியஸ்டர் ஆர்கன்சாவை இரண்டு அடுக்காக, ஒன்று சற்று அடர்ந்த நிறம், ஒன்று வெளிர் நிறம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை வளைவு நெளிவாக வெட்டி, எரிகிற ஊதுபத்தியின் நுனியை விளிம்பு ஓரமாகத் தொட்டும் தொடாமலும் நகர்த்திக்கொண்டு போனால் இழை உருகிச் சுருங்கும். மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று விழும், நூலும் பிரியாது. இடையிடையே பத்தியை ஒரு நொடி நிறுத்தினால் சிறு துளை விழுந்து ஓரம் கிழியும். அடிபட்டு வளர்ந்த மீனின் துடுப்பு ஓரம் அப்படித்தான் இருக்கும். முழுசாக, ஒரே சீராக இருக்கிற துடுப்பு கடையில் வாங்கிய துடுப்பு என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். இதைக் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு செய்யுங்கள். பாலியஸ்டர் உருகி விரலில் ஒட்டினால் தோலோடு வரும்.

*துடுப்பு சின்னதாகத் தெரிந்தால்*

எங்கள் கடைக் கணக்கு இது: துடுப்பின் அகலம் போடுகிறவரின் தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தலை பெரிதாகத் தெரியும். குழந்தைகள் வாலில் துணியை மிச்சம் பிடிப்பது இங்கேதான். இந்த இடத்தில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள்.

*துடுப்பு பிய்ந்துகொண்டு வந்தால்*

பெரும்பாலும் குளூ கன் பசையால் ஒட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் அந்தப் பசை இளகிவிடும். ரெக்சின் ஒட்டுகிற ரப்பர் பசையை வாங்கி, இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பிடிக்காது, வைத்த பிறகு நகர்த்தவும் முடியாது. வைக்கும்போதே சரியான இடத்தில் வையுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* தண்ணீரில் நீந்துவதற்கான துடுப்பை வீட்டில் செய்யாதீர்கள். அதற்கு மோனோஃபின் என்று இரண்டு பாதமும் சேர்ந்து நுழைகிற ஒற்றைத் துடுப்பு இருக்கிறது. பாத அளவு சொல்லி வாங்கி, அதன்மேல் உறை தைக்கலாம்.

கோளாறு: செதில், துணியில் போட்ட டிசைனாகவே தெரிகிறது

முதல் காரணம், செதில் தலைகீழாக இருப்பது. சிரிக்க வேண்டாம், அடிக்கடி வருகிறது. துணியை மடித்துப் போட்டு முன்னும் பின்னும் ஒன்றாக வெட்டும்போது ஒரு பக்கம் திரும்பிவிடும். செதிலின் திறந்த ஓரம் வாலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து துடுப்பு நோக்கிக் கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிற திசை அது. தப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, எல்லாச் செதிலும் ஒரே அளவு. கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு முழு ரோகு வாங்குங்கள். சமைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் அதைப் பாருங்கள். செதில்கள் செங்கல் அடுக்கில், ஒன்றின் நடுவில் அடுத்தது தொடங்கும்படி இருக்கும். உடம்பின் நடுவில் பெரிதாகவும், வாலடியில் சின்னதாகவும், துடுப்பு தொடங்குகிற இடத்தில் பொடியாகவும் இருக்கும். ஒவ்வொரு செதிலுக்கும் ஓரத்தில் ஒரு கருமை. பெரிய மீனில் செதிலின் நடுவே லேசான செம்மை ஓடும். பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு போகும், அந்த ஒரு வரிசையில் மட்டும் நாற்பது சொச்சம் செதில் இருக்கும். இவ்வளவையும் வாலில் போட முடியாது, போடவும் வேண்டாம். அளவு சிறுத்துக்கொண்டே போவதும், ஓரக் கருமையும், பக்கக் கோடும் இருந்தால் போதும். இந்த மூன்றில் எனக்குப் பக்கக் கோடுதான் முக்கியம். முழுக்க ஒரே சீராக ஓடுகிற டிசைனை அது ஒன்றுதான் உடைக்கிறது. நிறைய பேர் அதைப் போடுவதே இல்லை.

*ஏற்கெனவே இருக்கிற வாலில் செய்வதானால்:* வெங்காய மூட்டை வலையோ, பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக்கு அடிக்கிற அறுகோணக் கம்பி வலையோ எடுத்து, துணிமேல் இழுத்துப் பரப்பி, மேலிருந்து துணிப் பெயின்ட்டை மெல்லிய ஸ்ப்ரேயாக அடியுங்கள். இடுப்புப் பக்கம் வலையை அகல இழுத்தும், கணுக்கால் பக்கம் சுருக்கியும் பிடித்தால் செதில் தானாகவே சிறுத்துக்கொண்டு போகும். கம்பி வலை அவ்வளவாக இழுபடாது, அதற்குச் சின்னக் கண், பெரிய கண் என்று இரண்டு வலை வேண்டும். வாலைத் தட்டையாகத் தரையில் போட்டு அடிக்காதீர்கள். ஆள் போட்டுக்கொண்டோ, உள்ளே தலையணையைத் திணித்தோ துணி இழுபட்ட நிலையில் அடிக்க வேண்டும். தட்டையாக அடித்த செதில் இடுப்பில் அகலமாக விரிந்து தோற்றத்தைக் கெடுத்துவிடும்.

*கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால்:* பஃப் பிரிண்ட் அல்லது ஹை டென்சிட்டி பிரிண்ட். பனியன் முன்பக்கம் எழுத்து மேடாக நிற்கிறதே, அதே வேலைதான். செதிலின் ஓரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். முழுச் செதிலையும் மேடாக்கினால் துணியின் இழுவை செத்துவிடும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* செதில் அளவு படிப்படியாக மாறுகிற அச்சு வேண்டுமென்றால் பேட்டர்ன் வடிவத்துக்குள்ளேயே வரைந்து சப்ளிமேஷன் பிரிண்ட் (காகிதத்தில் அச்சடித்துச் சூட்டால் துணிக்கு ஏற்றுவது) எடுக்க வேண்டும். டிசைன் போடுகிறவரும் பிரிண்டிங்காரரும் சேர்ந்து செய்கிற வேலை இது. துணி பாலியஸ்டர் லைக்ராவாக இருக்க வேண்டும், நைலான் லைக்ராவிலோ காட்டனிலோ இந்த அச்சு சரியாக நிற்காது. துணி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கோளாறு: இழுத்தால் வெள்ளை தெரிகிறது, பெயின்ட் வெடிக்கிறது

*வெள்ளை தெரிந்தால்:* அச்சு மேற்பரப்பில் மட்டும் இருக்கிறது, அடியில் வெள்ளைத் துணி. இழுவை அதிகமான இடத்தில் அடி வெளுப்பு எட்டிப் பார்க்கும். உள்ளே வாலின் நிறத்திலேயே லெக்கிங்ஸ் போட்டால் பாதி குறையும். மீதிக்கு, ஆள் போட்டுக்கொண்ட நிலையில், வெளுத்த இடத்தில் மட்டும் துணிப் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். அடுத்த தடவை 240 ஜி.எஸ்.எம். துணியில் அச்சடியுங்கள்.

*வெடித்தால்:* படம் வரைகிற அக்ரிலிக் பெயின்ட்டை அப்படியே பூசியிருப்பார்கள். துணிக்கு உரிய மீடியம் என்கிற கலவை திரவம் சேர்க்காத அக்ரிலிக் இழுபடாது. சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுவதைத் தவிர வேறு வழி இல்லை. பிரிண்டிங் பட்டறையில் போட்ட ரப்பர் பிரிண்டே வெடித்தால் கியூரிங் சூடு, அதாவது பிரிண்டைத் துணியில் இறுக வைக்கிற சூடு, போதவில்லை என்று அர்த்தம். அயர்ன் பாக்ஸ் வைத்து நீங்களே சூடு ஏற்றாதீர்கள், லைக்ராவின் இழுவை போய்விடும். போட்ட இடத்துக்கே கொண்டுபோய், துணியை இழுத்துக் காட்டி, மறுபடி சூடு கொடுக்கச் சொல்லுங்கள்.

கோளாறு: நிறம் தட்டையாக இருக்கிறது, பிளாஸ்டிக் மினுக்கு அடிக்கிறது

போட்டோவில் ஃபிளாஷ் போட்டால் வெள்ளையாகப் பூத்துப்போகிற வால்கள் இவை. முழுவதும் ஃபாயில், முழுவதும் சமிக்கி, முழுவதும் ஒரே பச்சை.

செலவில்லாத வழி, வெளிச்சத்தை மாற்றுவது. ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து வருகிற வெயிலில் எடுங்கள். காலை எட்டு மணி வெயிலில் நன்றாக இருக்கிற வால் உச்சிவெயிலில் பொம்மையாகிவிடும்.

அடுத்தது நிறம். மீனின் முதுகு இருண்டிருக்கும், வயிறு வெளுத்திருக்கும். கடல்கன்னிக்கு முன்பக்கம்தான் வயிறு. ஆகவே முன்பக்க நடுவில் வெளிர் நிறம், பக்கங்களில் அடர்த்தி, பின்னால் இன்னும் அடர்த்தி. பக்கங்களில் மட்டும் கரும்பச்சையோ கருநீலமோ மெல்லிய ஸ்ப்ரே அடித்தாலே வால் உருண்டு திரண்டு வந்துவிடும். இன்னொரு பலனும் உண்டு. முட்டி மேட்டில் லேசாக இருளும், அதற்குக் கீழே லேசாக வெளிச்சமும் கொடுத்தால், ஸ்பாஞ்ச் வைத்த பிறகும் மிஞ்சியிருக்கிற முட்டி அடையாளம் கரைந்துவிடும்.

சமிக்கியை எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கக் கோட்டை ஒட்டியும், இடுப்புப் பக்கமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சமிக்கித் துணியால் முழு வாலையும் தைத்திருந்தால், மேலே மெல்லிய கறுப்பு நெட் துணி ஒரு அடுக்கு போர்த்தித் தையுங்கள். மினுக்கம் ஆழத்திலிருந்து வரும். குழந்தையின் கையை அது பிறாண்டுவதும் நிற்கும்.

கோளாறு: இடுப்பில் கோடு விழுகிறது

பாவாடை எலாஸ்டிக்கைப் போல இடுப்பில் நேர்கோடு விழுந்தால், கீழே எவ்வளவு நல்ல வேலை இருந்தாலும் அது போட்டுக்கொண்ட துணி என்று தெரிந்துவிடும்.

எலாஸ்டிக்கை அகற்றிவிட்டு மேல் ஓரத்தை முன்னால் இறங்கியும் பக்கங்களில் ஏறியும் வளைவாக வெட்டுங்கள். லைக்ரா பிசிறாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. வழுக்கி இறங்கும் என்று பயந்தால் உட்பக்கம் சிலிக்கான் பட்டை எலாஸ்டிக் கொடுக்கலாம். அதற்கு மேல் தனித்தனிச் செதில்களை லைக்ரா துண்டில் வெட்டி, விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி ஒட்டுங்கள். மேலே போகப் போகச் செதில்கள் விலகி, சிதறி, ஒன்றிரண்டாகி முடிய வேண்டும்.

பள்ளிக் குழந்தைகளுக்கு உடம்பு நிற மேலாடை போடுவார்கள். கடையில் அந்த நிறம் என்று கொடுக்கிற துணி, நம் பிள்ளைகளின் நிறத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, ரோஸ் அடிக்கும். துணியைக் குழந்தையின் முன்கையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சாயப் பட்டறையில் லேப் டிப் (சின்னத் துண்டில் மாதிரிச் சாயம்) போட்டுக் கேட்கலாம். குழந்தையின் நிறம் எதுவோ அந்த நிறத்தில்தான் கடல்கன்னி இருக்க வேண்டும். முகத்துக்குப் பவுடர் அப்பி மேலாடைக்கு ஒத்துப்போக வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

தோலின்மேல் செதில் ஒட்டுவதானால் மேக்கப்புக்கு உரிய பசை மட்டும்தான். முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். உடனடியாக ஒட்டுகிற பசை, குளூ கன், துணிப் பசை எதுவும் தோலில் படக் கூடாது. *ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* சிவந்து தடித்தாலோ எரிந்தாலோ வேஷத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கோளாறு: உட்கார்ந்தால் அழகு, அசைந்தால் கெட்டுவிடுகிறது

மேடையில் குழந்தை துள்ளித் துள்ளி வருவதுதான் இங்கே காரணம். விழுந்து அடிபடவும் செய்யும். பலகைக்கு அடியில் நான்கு காஸ்டர் சக்கரம் மாட்டி, தெர்மகோலால் பாறை செய்து மறைத்து, அதில் உட்கார வைத்தே தள்ளிக்கொண்டு வாருங்கள். இரண்டு பிள்ளைகளை அலையாக வேஷம் கட்டவிட்டால் தள்ளுகிற ஆளும் தெரியாது.

மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். கடல்கன்னி வால், டால்பினைப் போல மேலும் கீழும்தான் அசையும், ஏனென்றால் நம் முட்டி அந்தப் பக்கம்தான் மடங்கும். "வாலை ஆட்டு கண்ணு" என்று சொன்னால் குழந்தை பாதத்தை மட்டும் ஆட்டும். வயிற்றிலிருந்து தொடங்கி, தொடை, அப்புறம் பாதம் என்று பாயில் குப்புறப் படுக்க வைத்து ஒரு வாரம் பழக்கினால் வந்துவிடும்.

கோளாறு: சிலிக்கான் வால் பிசுபிசுக்கிறது, நிறம் உரிகிறது

படப்பிடிப்புக்கும் தொட்டி நிகழ்ச்சிக்கும் செய்கிறவர்களுக்கு மட்டும் இது. வால் பத்துக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

*பிசுபிசுப்பு போகவே இல்லையென்றால்:* பிளாட்டினம் வகை சிலிக்கான், கந்தகம் பட்டால் இறுகாது. அச்சு செய்த களிமண்ணில் கந்தகம் இருக்கிறதா, கலக்கும்போது லேடெக்ஸ் கையுறை போட்டீர்களா என்று பாருங்கள். நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள். இறுகாத சிலிக்கானை வழித்து எடுத்துவிட வேண்டியதுதான், காத்திருந்து பயனில்லை.

*பூசுவதற்குள் இறுகிவிட்டால்:* வெயில். கோடையில் விடிகாலையில் கலக்குங்கள், சின்னச் சின்ன அளவாகக் கலக்குங்கள்.

*நிறம் உரிந்தால்:* சிலிக்கானில் சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும். அதற்கு உரிய நிறமியைச் சிலிக்கானிலேயே கலந்து பூச வேண்டும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* செதில் அச்சு செய்யும்போதே. கோவையில் கணபதி, சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் வார்ப்படத்துக்குப் பேட்டர்ன், அதாவது அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவம், செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அச்சிலிருந்து பொருள் எப்படி விடுபட்டு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. செதில் ஓரம் உள்நோக்கி வளைந்தால் அச்சில் மாட்டிக்கொள்ளும் என்று வரைபடத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

கோளாறு: தண்ணீருக்குள் வால் உப்புகிறது, இழுக்கிறது

*உப்பினால்:* காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. இறங்கும் முன் வாலை முழுக்க நனைத்து, இடுப்பிலிருந்து கீழே வழித்துக் காற்றை வெளியேற்றுங்கள். துடுப்பு அடியில், மடிப்புக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி சில ஐலெட் ஓட்டைகள் (வளையம் பதித்த சிறு துளைகள்) போட்டால் காற்றும் போகும், ஏறும்போது தண்ணீரும் வடியும்.

*கனமாக இழுத்தால்:* உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கிறது. அது தண்ணீரைக் குடிக்கும். தண்ணீருக்கான வாலில், தண்ணீரை உறிஞ்சாத நுரை வகைகளான நியோபிரீனோ இ.வி.ஏ. ஷீட்டோ மட்டும்தான் நிரப்ப வேண்டும்.

எந்த வாலானாலும் ஒரே தள்ளலில் கழற்ற வர வேண்டும். முதுகுப் பக்கம் ஜிப், முடிச்சுக் கயிறு எதுவும் தண்ணீருக்கான வாலில் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில், கூட ஒருவர் நின்றுகொண்டு, போடுகிறவரே கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பார்க்கட்டும். அது வராதவரை ஆழத்துக்கு விடாதீர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் 1947 முதல் கடல்கன்னி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். வீடியோவில் அவர்கள் வெகுநேரம் அடியிலேயே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் முயல்கிறார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பக்கத்திலேயே காற்றுக் குழாய் வைத்துச் சுவாசிக்கிறார்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* தண்ணீரில் இறங்குகிற முதல் நாளே. நீச்சல் பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கிற நீச்சல் குளத்தில் மட்டும், நன்றாக நீந்தத் தெரிந்தவர் மட்டும். கீழ்பவானி வாய்க்கால், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால், தோட்டத்துக் கிணறு, ஆறு, அணை எதிலும் வாலோடு இறங்கக் கூடாது. கால் கட்டிய நிலையில் வாய்க்கால் இழுப்பைச் சமாளிக்க யாராலும் முடியாது. போட்டோதான் வேண்டுமென்றால் கரையில் உட்கார வைத்து, ஒரு குடம் தண்ணீரை வால்மேல் ஊற்றி எடுங்கள்.

குளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், குளோரின் லைக்ராவை அரிக்கும். முறுக்கிப் பிழியாமல், வாலைத் தலைகீழாகப் புரட்டி நிழலில் காயப் போடுங்கள். துடுப்பை மடித்து அடுக்கி வைத்தால் அடுத்த தை மாதம் அந்த மடிப்போடுதான் வெளியே வரும்.